ஏலம் முடிந்த தரை

ஜனவரி 9

தம்பிக்கு,

போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. இப்போது என் நம்பரையும் பிளாக் செய்து அடைத்து வைத்துவிட்டாய். அதனால் மெயிலில் எழுதுகிறேன். அப்பாவின் ஆபரேஷனுக்கு நான் வராததைப் பற்றி இதில் எதுவும் இல்லை. லீவு கொடுக்கவில்லை என்று சொன்னேன், நீ நம்பவில்லை. அது அங்கேயே கிடக்கட்டும்.

விஷயம் இது. நான் கணக்கு பார்க்கும் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தொண்டையில் குரல் பெட்டியை எடுத்துவிட்டவர்களுக்கு அங்கே ஒரு கருவி செய்து தருகிறார்கள். டைப் செய்தால் அது பேசும். ஆபரேஷனுக்கு முன்னால் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தால், அவரவர் குரலிலேயே பேசும். அப்பாவையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, பிரிவின் தலைவியிடம் கெஞ்சி ஒப்புதல் வாங்கிவிட்டேன்.

ஆபரேஷனுக்கு முன்பு நீ அப்பாவை உட்கார வைத்துப் பதிவு செய்த எல்லாமும் வேண்டும். உங்கள் வீட்டு நெட்டில் அவ்வளவும் ஏறாது. ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். அதில் போட்டுத் திருப்பி அனுப்பு. பழைய போட்டோக்களும் வேண்டும். அம்மா இருக்கும் படங்கள் என்னிடம் ஒன்றுகூட இல்லை.

நீ ஸ்டூடியோவுக்கு எடிட் செய்யும் கல்யாண வீடியோக்களுக்கு இடம் வேண்டும் என்று எதையும் அழித்துவிடாதே. நிதானமாகச் செய். உனக்குப் பம்பரம் என்று சும்மா பேர் வைக்கவில்லை; நிதானம் உனக்குப் பழக்கமில்லாத சரக்கு என்று தெரியும். இந்த ஒரு தடவை மட்டும்.

அக்கா


ஜனவரி 14

அக்கா,

உன் மெயில் ஆபீஸ் சுவத்துல ஒட்டுற சுற்றறிக்கை மாதிரியே இருந்துச்சு. கீழ சீல் ஒண்ணுதான் குறைச்சல். "உங்கள் வீட்டு நெட்"னு எழுதியிருக்க. எங்க வீடா? சரி, எங்க வீடுதான்.

அப்பா எப்படி இருக்காருன்னு நீ கேட்கல. ஆனாலும் சொல்றேன். கழுத்துல ஓட்டை. அதுக்கு மேல ஒரு துணி. மொத்த வியாபார மார்க்கெட்ல மைக் இல்லாம ஏலம் விட்ட மனுஷன். கடைசி லாரியில தூங்கிட்டிருந்த டிரைவர்கூட விலையைக் கேட்டு எழுந்து உட்காருவான். இப்ப தண்ணி வேணும்னா டம்ளரைத் தட்டுறாரு. ஒரு வெள்ளைப் பலகையும் ஸ்கெட்ச்சும் வாங்கிக் கொடுத்தேன். அதுல எழுதுவாரு, நாம படிச்சு முடிக்கிறதுக்குள்ள சட்டைக் கையால அழிச்சிடுவாரு. எதுவும் நிக்கக் கூடாது அவருக்கு. நான் சாப்பிட்டுட்டிருக்கும்போதே தட்டைத் தூக்கிட்டுப் போறாரு. ஏலக் களத்துப் பழக்கம். ஏலம் போன சரக்கு தரையில இருக்கக் கூடாதாம். லாரி ஏறின உடனே பெருக்கித் தண்ணி அடிச்சு விடணும், இல்லன்னா அடுத்த ஆளோட சரக்குல கலந்துடுமாம். உனக்கும் தெரியும், சின்ன வயசுல நம்மளையே பெருக்கித் தள்ளியிருக்காரு.

வேலை இல்லாததால நாள் பூரா என் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஸ்க்ரீனைப் பார்க்குறாரு. நான் வெட்டுறது, ஒட்டுறது, அழிக்கிறது எல்லாம் பாடம். காலேஜ்ல என்னைவிட நல்லாப் படிச்சிருப்பாரு. நான்தான் பாதியில ஓடி வந்துட்டேனே.

பதிவு பண்ணது எல்லாம் பத்திரமா இருக்கு. "தண்ணி வேணும்", "ஜன்னலைச் சாத்து", "வலது பக்கம் வலிக்குது"ன்னு ஆஸ்பத்திரியில கொடுத்த வாக்கியம் எல்லாம் படிச்சாரு. நடுவுல சலிச்சுப்போய் ஏலமே விட ஆரம்பிச்சுட்டாரு. நான் தூங்கி விழுந்தப்போ திட்டினதும் அதுல இருக்கு. "எழுந்திருடா, வெயில் ஏறிப்போச்சு. எல்லாரும் வித்துட்டு வீட்டுக்கே போயிட்டாங்க"ன்னு. அதை மட்டும் வெட்டி என் போன்ல அலாரமா வச்சிருக்கேன். சும்மா சொல்லக் கூடாது, தினமும் பயந்து எழுந்திருக்கேன்.

கம்ப்யூட்டர் வயிறு முட்ட நிறைஞ்சு கிடக்கு. சிவப்புக் கோடு காட்டுது. இடமில்லைன்னு சொல்லி வீடியோ பாதியில நின்னுடுது. ஸ்டூடியோக்காரர் திட்டுறாரு. டிரைவ் வரட்டும், அனுப்புறேன். போன்ல உன்னை அடைச்சது அடைச்சதுதான்.

பம்பரம்


ஜனவரி 21

அக்கா,

போட்டாச்சு, அனுப்பியாச்சு. கூரியர்காரர் வாசல்ல பைக்கை ஆஃப் பண்ணாம உறுமிட்டே நின்னாரு. டெஸ்க்டாப்ல இருந்த எல்லாத்தையும் ஒரே பிடியா பிடிச்சு டிரைவுக்குள்ள தள்ளிட்டேன். அம்மா போட்டோ, உன் ஸ்கூல் போட்டோ, "அப்பா குரல்" ஃபோல்டர், எல்லாம்.

கவர் ஒட்டினப்போ அப்பா பக்கத்துலயே நின்னாரு. "உன் தொண்டை கூரியர்ல போகுதுப்பா"ன்னேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாரு. பலகையில எழுதினதை முழுசாப் படிச்சுட்டேன், ஏன்னா இந்தத் தடவை அவர் அழிக்கல. "வந்ததும் களத்துக்குப் போறேன். ஒரு லாட் சரக்கை நான் ஏலம் விடுறேன்."

புதுசா ஏலம் விடுறவனுக்கு மூக்குல பேச்சாம். அதுலயே பாதி விலை போயிடுதாம்.

பம்பரம்


பிப்ரவரி 2

தம்பிக்கு,

டிரைவ் வந்து சேர்ந்தது. நன்றி. பேச்சுப் பிரிவில் மாத இறுதியில் கேட்பார்கள், அப்போது கொடுத்துவிடுவேன்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்காதது கேட்கத் தோன்றாததால் இல்லை. அப்பாவை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல். ஓட்டையைச் சுற்றி ஈரத் துணியால் துடைக்க வேண்டும், காய்ந்த துணியால் அல்ல. இதையெல்லாம் இங்கே நர்சுகளிடம் கேட்டுத்தான் சொல்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

ஈரத் துணியாலதான் துடைக்கிறேன். ஆபரேஷன் அன்னிக்கே சொல்லிக் கொடுத்தாங்க. அங்க யாரு இருந்தாங்கன்னு நான் சொல்ல வேண்டாம்.

ஒரு நல்ல சேதி. கம்ப்யூட்டர் திடீர்னு லேசாயிடுச்சு. சிவப்புக் கோடு போய் பச்சையா, பாதி காலியாக் கிடக்கு. டிரைவுக்கு அனுப்பினப்போ காப்பிக்குப் பதிலா கட் பண்ணித் தள்ளிட்டேன் போல. அந்த அவசரத்துல எதை அமுக்கினேன்னு யாருக்குத் தெரியும். எப்படியோ, தேங்கிக் கிடந்த கல்யாணம் எல்லாம் வரிசையா முடிச்சுட்டேன். ஸ்டூடியோக்காரர் முதல் தடவையா என்னைத் "தம்பி"ன்னு கூப்பிட்டாரு. அதுவரைக்கும் "டேய்"தான்.

அப்பா தினமும் பலகையில ஒரே கேள்வி. "வந்துச்சா?" வாசல்ல பைக் சத்தம் கேட்டா எழுந்து போறாரு. நேத்து களத்துப் பக்கம் போய் எட்டிப் பார்த்துட்டு வந்தாரு. கூலியாளுங்க சுத்தி நின்னு நலம் விசாரிச்சிருக்காங்க. பதிலுக்குப் பலகையை எடுக்கிறதுக்குள்ள லாரி வந்துடுச்சாம், எல்லாரும் ஓடிட்டாங்களாம். வீட்டுக்கு வந்து, களத்துக்குப் போட்டுட்டுப் போறதுக்குத் துவைச்சு வச்சிருந்த சட்டையையே மறுபடி துவைச்சாரு.

சீக்கிரம் கொடுக்கா. உன்கிட்ட நான் எதையும் கேட்டதில்ல. இதைக் கேட்கிறேன்.

பம்பரம்


பிப்ரவரி 26

தம்பி,

இன்று டிரைவைப் பேச்சுப் பிரிவில் கொடுத்தேன். பிரிவின் தலைவி என் எதிரிலேயே திறந்தார். போட்டோக்கள் இருக்கின்றன. "அப்பா குரல்" இருக்கிறது. அதைத் திறந்தால் எதுவும் இல்லை. அதன் மூலையில் சின்னதாய் ஒரு அம்புக்குறி. "இது ஃபோல்டர் இல்லைம்மா, ஷார்ட்கட். உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல எங்கேயோ இருக்கிற ஃபோல்டருக்கு வழி காட்டும். இங்க வழி மட்டும்தான் வந்திருக்கு" என்றார். அங்கே இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். எல்லார் முன்னாலும்.

ஊருக்கெல்லாம் வீடியோ வெட்டித் தருகிறவனுக்கு ஷார்ட்கட் தெரியாதா? ஒரு தடவை திறந்து பார்த்திருக்கக் கூடாதா? காலேஜையும் இப்படித்தான் விட்டாய், சேர்ந்த வேலைகளையும் இப்படித்தான் விட்டாய். எதையும் முடிவு வரை பார்த்ததே இல்லை நீ. உனக்கு எல்லாமே ஷார்ட்கட்தான்.

ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன். உண்மையான ஃபோல்டரைத் தேடி எடுத்து அனுப்பு. இம்முறை திறந்து, கேட்டு, அதன்பிறகு.

அக்கா


பிப்ரவரி 27

நீ திட்டினது எல்லாம் சரி. படிச்சு முடிச்சேன், முடிவு வரைக்கும்.

நான் வெளிய போற நேரத்துலயும் அப்பாவே ஒரு க்ளிக்ல திறந்து தன் பேச்சைக் கேட்டுக்கட்டும்னு டெஸ்க்டாப்ல ஒரு வழிகாட்டிப் பலகை நட்டு வச்சேன். அவசரத்துல பலகையைப் பிடுங்கி அனுப்பிட்டேன். ஊர் இங்கயே இருக்கும்னு நினைச்சு இப்ப போய்ப் பார்த்தேன்.

ஊரைக் காணோம்.

அந்த இடத்துல ஒண்ணுமே இல்லக்கா. குப்பைத் தொட்டியும் காலி. ஷார்ட்கட்டைக் கட் பண்ணிருந்தா நிஜ ஃபோல்டர் போகாது. அப்போ கம்ப்யூட்டர் லேசானது எதனால? நான் தொடல. சத்தியமா நான் தொடல. நீ நம்ப மாட்ட.

அப்பா பக்கத்துல ஸ்டூல்ல உட்கார்ந்திருக்காரு. நான் என்ன தேடுறேன்னு பார்த்துட்டிருக்காரு. அதனால இதோட நிறுத்துறேன்.


மார்ச் 2

அக்கா,

யாருன்னு தெரிஞ்சுடுச்சு.

நேரா கேட்கல. "அப்பா, கம்ப்யூட்டர் இப்ப நல்லா ஓடுதுல்ல, எப்படின்னுதான் தெரியல"ன்னு சும்மா போட்டு வச்சேன். அவர் முகம் மலர்ந்து போச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் அப்படிச் சிரிச்சுப் பார்க்கல. பலகையை எடுத்து எழுதினாரு: "நான்தான். சரக்கு லாரி ஏறிடுச்சு. தரையைக் காலி பண்ணேன்." அழிச்சாரு. மறுபடி: "குப்பைத் தொட்டியையும் கொட்டிட்டேன். பாதியில நிறுத்துறது வேலை இல்ல."

புரியுதா? கூரியர் போன மறுநாள், நான் ஸ்டூடியோவுக்குப் போயிருந்தப்போ. என் வீடியோ நின்னு நின்னு போனதை அத்தனை நாளும் பக்கத்துல இருந்து பார்த்தவரு. எது பெரிசா இடத்தை அடைச்சிருக்குன்னு நான் தேடுற மாதிரியே தேடியிருக்காரு. இருந்ததுலயே பெரிசு அவர் குரல்தான். அதுதான் உன்கிட்ட போயாச்சே. ஏலம் போன சரக்கு.

எனக்குத் தெரியாம உதவி பண்ணியிருக்காரு. என்னிக்காவது நான் கேட்பேன், சொல்லலாம்னு காத்திட்டு இருந்திருக்காரு. "நல்ல வேலை பண்ணீங்கப்பா"ன்னேன். வேற என்ன சொல்றது?

ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டு ஓடினேன். அழிச்ச உடனே வந்திருந்தா எல்லாத்தையும் எடுத்திருக்கலாம்னு கடைக்காரர் சொன்னாரு. காலியான இடத்துல நான் என்ன பண்ணேன்? கல்யாணம் கல்யாணமா கொட்டி நிரப்பிட்டேன். அவர் எடுத்துக் கொடுத்ததுல ஃபைல் பேர் எல்லாம் இருக்கு. "தண்ணி வேணும்"னு பேர். திறந்தா இரைச்சல். ஒண்ணுல மட்டும் கொஞ்ச நேரம் மேளமும் யாரோ பொண்ணு சிரிக்கிறதும் கேட்குது. எல்லாத்தையும் கேட்டேன். கடைக்காரர் ஷட்டரை இறக்கணும்னு சொல்ற வரைக்கும் கேட்டேன்.

மிச்சம் இருக்கிறது அந்த அலாரம் ஒண்ணுதான். அதையும் நிறுத்தி வச்சுட்டேன். காலையில அது அடிச்சா என்னால தாங்க முடியாது.

அவர்கிட்ட எப்படிச் சொல்லப் போறேன்? வாசல்ல பைக் சத்தம் கேட்டா இப்பவும் எழுந்து போறாரு.

பம்பரம்


மார்ச் 4

டேய் தம்பி,

உன் மெயிலை ஆபீஸ்ல வச்சுப் படிச்சேன். பாத்ரூம்ல போய் உட்கார்ந்துட்டேன். சுற்றறிக்கை எழுத எனக்கு இப்ப தெம்பு இல்ல.

உன்கிட்ட ஒண்ணு மறைச்சேன். டிரைவ் வந்தது ஜனவரி கடைசியில. வந்த அன்னிக்கே திறந்து பார்த்திருக்கலாம். பார்த்திருந்தா அன்னிக்கே உன்கிட்ட கத்தியிருப்பேன், நீ அன்னிக்கே தேடியிருப்ப, கடைக்காரர் எடுத்துக் கொடுத்திருப்பாரு. நான் திறக்கல. மேஜை டிராயர்ல போட்டு, மேல துண்டை மடிச்சு வச்சுட்டேன். அப்பா குரலைக் கேட்கத் தைரியம் வரல. "ஏன் வரல?"ன்னு அதுல எங்கேயாவது கேட்டிருப்பாரோன்னு பயம். லீவு கொடுக்கலைன்னது உண்மை. ஆனா நான் ரொம்ப ஒண்ணும் கேட்கலைங்கறதும் உண்மை. ஆஸ்பத்திரியில கணக்கு பார்க்கிற நான், ஆபரேஷன் தியேட்டர் கதவுக்குப் பயந்து வேற வழியாச் சுத்திப் போவேன்னு உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு.

பேச்சுப் பிரிவுல கேட்டேன். ஒரு வாக்கியத்தை வச்சு ஒண்ணும் செய்ய முடியாதாம். தயாரா இருக்கிற வேற குரல்ல கருவி தர்றோம்னு சொல்றாங்க. நல்ல குரல்தான். செய்தி வாசிக்கிறவர் மாதிரி. கேட்டுப் பார்த்தேன். அது "ஜன்னலைச் சாத்து"ன்னு சொன்னப்போ, யாரோ மேலதிகாரி சொல்ற மாதிரி இருந்துச்சு.

அப்பாவுக்கு உண்மை தெரிய வேண்டாம். தன் குரலைத் தன் கையாலயே கொட்டினாருன்னு தெரிஞ்சா இடிஞ்சு உட்கார்ந்துடுவாரு. என் மேல போடு. டிரைவ் இங்க வந்துச்சு, அக்கா கை தவறிக் கீழ போட்டுட்டா, உடைஞ்சுபோச்சுன்னு சொல்லு. அவர் கோபம் இவ்வளவு தூரம் வராது. வந்தாலும் நான் வாங்கிக்கிறேன். அந்த ஒண்ணாவது நான் வாங்கிக்கிறேன்.

உன்னை முடிவு வரைக்கும் பார்க்காதவன்னு எழுதினேன். ஆஸ்பத்திரி வராந்தாவுல முடிவு வரைக்கும் உட்கார்ந்திருந்தவன் நீ.

அக்கா


மார்ச் 12

அக்கா,

சொல்லிட்டேன். நேத்துதான். நீ சொன்னபடியே, உன் மேல போட்டேன். வாய் கூசிச்சு. என் மேல போட்டுக்கலாம்னுதான் கடைசி வரைக்கும் நினைச்சேன். "யாரு?"ன்னு அவர் எழுதிக் காட்டினதும் "அக்கா"ன்னு வந்துடுச்சு. ரெண்டு பேரும் பொய் பேசுறதுலயும் அவசரக்காரங்கதான், ஏன்னு கேளு.

அப்பா கோபப்படல. "அவளைத் திட்டாதே. தனியா இருக்கா"ன்னு எழுதினாரு. அழிச்சாரு. அப்புறம் பலகையை மடியில கவுத்து வச்சாரு. சரி, கடந்துட்டோம்னு நினைச்சு டீ போட எழுந்தேன். டம்ளரைத் தட்டினாரு. திரும்பிப் பார்த்தேன்.

"இங்கே ஒண்ணு இருந்துச்சு. அதை நான் காலி பண்ணிட்டேனே."

இதை நாம யோசிக்கவே இல்லக்கா. டிரைவ் உன்கிட்ட உடைஞ்சா என்ன, அசல் வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்திருக்கணும் இல்லையா? அது எங்கன்னு அவருக்குத்தானே தெரியும். நான் பதறிப்போய், இங்க இருந்ததும் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்துச்சு, வைரஸ், அது இதுன்னு என்னென்னமோ உளறினேன். அப்பா என் முகத்தையே பார்த்துட்டிருந்தாரு. வாங்க வக்கில்லாதவன் விலை ஏத்திக் கேட்டா, முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சு களத்தை விட்டு இறக்கினவரு அவரு. என்னைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கடைசியில கையை மட்டும் தூக்கினாரு. ஏலம் முடிஞ்சதுன்னு களத்துல காட்டுவாரே, அப்படி. நான் டீ போடப் போயிட்டேன். நேத்து எழுதின அந்த வரியை மட்டும் இன்னும் அழிக்கல. பலகை அப்படியே சுவத்துல சாஞ்சு நிக்குது.

வேற குரல் கருவி வேண்டாமாம். "அடுத்தவன் தொண்டையில நான் எதுக்குக் கத்தணும்"னு செய்தித்தாள் ஓரத்துல எழுதிக் கொடுத்தாரு. களத்துப் பேச்சையே எடுக்கல. துவைச்சு மடிச்சு வச்சிருந்த அந்தச் சட்டையை இன்னிக்கு வீட்ல சாதாரணமா போட்டுட்டாரு.

உன் நம்பரைத் திறந்து விட்டுட்டேன். கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடுறேன். அவர் கேட்பாரு, பதில்தான் வராது. நீ பாட்டுக்குப் பேசு. ஏன் வரலைங்கறதையும் சொல்லு. முன்னாடி கேட்டதைவிட இப்ப நல்லாக் கேட்கிறாரு.

இன்னொண்ணு. இன்னிக்குக் காலையில அலாரம் அடிச்சுது. நான் நிறுத்தி வச்சிருந்த அலாரம். "எழுந்திருடா, வெயில் ஏறிப்போச்சு"ன்னு அப்பா குரல் ரூம் பூரா கேட்டுச்சு. பாதிக் கண்ணைத் திறந்து பார்த்தேன். என் கட்டில் பக்கத்துல அதே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாரு. போன் அவர் கையில இருந்துச்சு. அது பேசப் பேச, ஒரு வார்த்தை தப்பாம, அவர் உதடும் அசைஞ்சுது. "எல்லாரும் வித்துட்டு வீட்டுக்கே போயிட்டாங்க." கழுத்துத் துணி மட்டும் புஸ்ஸுன்னு மேல எழும்பி அடங்குச்சு.

நான் எழுந்திருக்கல. இன்னொரு தடவை அடிக்கட்டும்னு கண்ணை மூடிட்டே கிடந்தேன்.

பம்பரம்